ஏழு பாய்ச்சல்

குதிரை விஷயம் என்றால் மணிக்கணக்கில் பேசுகிற குடும்பம் அது. அப்பா பயிற்சியாளர். தம்பி தடை தாண்டும் போட்டிகளில் சவாரி செய்பவன். அக்கா லாயத்தையே கட்டி மேய்ப்பவள். அவர்கள் மூவரையும் கட்டி மேய்த்தது ராங்கி என்ற பெண்குதிரை. பெயர் சும்மா வைக்கவில்லை.

போட்டிக்கு முன் களத்தைக் காலால் அளக்க வேண்டும். மனிதக் காலடி நாலு சேர்ந்தால் குதிரைக்கு ஒரு பாய்ச்சல். இரண்டு தடைகளுக்கு நடுவே எத்தனை பாய்ச்சல் என்று அப்பா நடந்து சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. மற்ற பயிற்சியாளர்கள் அவரை ‘அளவுகோல்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன வருஷம் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு காலடி குறுகிவிட்டது, எண்ணிக்கை கூடிவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை, அக்காவுக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. கூடவே நடந்து தானும் எண்ணிக்கொள்வாள். சேணத்தை இறுக்குகிற சாக்கில் தம்பி காதில் சரியான கணக்கைப் போட்டுவிடுவாள். மனுஷன் மனசு நோகக்கூடாதாம்!

இன்றைக்கு, அணிக்கு ஆள் எடுக்கிற போட்டியன்று பார்த்து, ராங்கியின் லாடம் கழன்றுகொண்டது. லாடம் அடிப்பவரோடு மல்லுக்கட்டிவிட்டு அக்கா வருவதற்குள் களத்தை அளந்து முடித்துவிட்டார்கள்.

"நாலாவது தடைக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல ஏழுடா. அடக்கிப் பிடி," என்று களத்தின் வாசலில் நின்று சொன்னார் அப்பா.

அக்கா அவசரமாகக் கணக்குப் போட்டாள். முன்னால் போன மூன்று குதிரைகளும் அங்கே ஆறு பாய்ச்சலில்தான் போயிருந்தன. நீளக்கால் ராங்கியை ஏழுக்கு நெருக்கினால் ஐந்தாவது தடையின் அடிக்கே போய்விடும். எழும்ப இடம் இருக்காது.

"எல்லாரும் ஆறுலதான் போனாங்கப்பா."

"எல்லாரும் அளவுகோலா?"

சுற்றி நின்ற பயிற்சியாளர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், சின்னப் பையன் மாதிரி. உங்க காலடி குறுகிடுச்சுப்பா. மூன்றே வார்த்தை. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, கோழை, கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மணி அடித்தது, தம்பி களத்துக்குள் போய்விட்டான்.

மூன்று தடைகள் சுத்தமாகப் போயின. நாலாவதைத் தாண்டி இறங்கியதும் தம்பி கடிவாளத்தை இழுத்தான். ராங்கி தலையை உதறியது, பிறகு அடங்கியது. அவள் மனசுக்குள் எண்ணினாள். ஏழாவது பாய்ச்சலில் தடை அதன் மார்பில் இடித்தது. தடைக் கம்புகளோடு இரண்டு பேரும் விழுந்தார்கள்.

அவள் ஓடினாள். தம்பி தோளைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்திருந்தான். ராங்கி எழுந்து நின்றது; முன்னங்கால் ஒன்று தரையில் படவில்லை.

"ஆறுன்னு தெரியும்க்கா. நானும் கூட நடந்தேனே," என்றான்.

"தெரிஞ்சுமாடா இழுத்தே?"

"வாசல்ல அத்தனை பேர் முன்னாடி அவரைப் பொய்யாக்கச் சொல்றியா? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆறுல போயிருப்பேன்."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தால் தன்னையும் சேர்த்துத்தான் அறைய வேண்டும். யார் மனசையும் பார்க்காமல் சொன்னதைச் செய்தது ராங்கி ஒன்றுதான்.

கால்நடை மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எலும்பு முறிஞ்சிருக்கு. வலியில வெச்சுக்கிட்டிருக்க வேண்டாம், ஊசி போட்டு முடிச்சிடலாம். வீட்டார் சம்மதம் சொல்லணும்."

அப்பா மணலில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் எண்ணித்தானே சொன்னேன்? ஏழுதானேம்மா?"

"உங்க காலடி குறுகிடுச்சுப்பா. ஒரு வருஷமாச்சு."

அப்பா தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு ராங்கியின் நெற்றியில் கை வைத்தார்.

"சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். "நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?"