இரண்டு தட்டு

கண்டக்டரின் விசில் இன்று காலையில் எங்கோ தொலைந்துவிட்டது. அதனால் முதல் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடிந்ததும், பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான். கிளட்சிலிருந்து என் கால் எழவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கிப் பின்பக்கம் போய் ரோட்டைப் பார்த்தேன். யாரும் விழுந்து கிடக்கவில்லை. திரும்பி ஏறியபோது, டிரைவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். பிடித்துப் பதினோரு வருஷமாகிறது என்று வாய்வரை வந்தது; அடக்கிக்கொண்டேன். தினமும் என் பஸ்ஸில் துணிக்கடை வேலைக்கு வரும் கொக்கின் அக்கா, மூன்றாவது சீட்டிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொக்கு, போர்க்காலத்தில் என்னோடு சப்ளை லாரியில் வந்தவன். நீளக் கழுத்து, அதனால் அந்தப் பெயர். மாவு மூட்டை, தோட்டாப் பெட்டி, மண்ணெண்ணெய் என்று மலைமேல் இருந்த முகாமுக்கு வேண்டியதையெல்லாம் ஏற்றிப்போவோம். லாரியில் பக்கக் கண்ணாடி கிடையாது. வெயில் பட்டு மின்னினால் எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று டிரைவர்கள் எல்லாருமே கழற்றிவிடுவோம். கண்ணாடிக்குப் பதில் எனக்குக் கொக்கின் கைதான். மூட்டைமேல் உட்கார்ந்து என் முதுகுப்புறத் தகரத்தில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் போ. வாயைத் திறந்தால் அண்டப்புளுகன். ஆனால் அந்தக் கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

ஒரு மத்தியானம், வறண்ட ஓடையைக் கடக்கும்போது பின்சக்கரம் மணலில் புதைந்தது. கொக்கு இறங்கிப் பலகை வைத்தான். வண்டியைக் கரையேற்றி, அவன் பலகையை எடுத்துக்கொண்டு ஏறட்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் டம், டம் என்று இரண்டு. ஏறிவிட்டான் என்று மிதித்தவன்தான், முகாம் வரும்வரை காலை எடுக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் மூட்டைமேல் ஆள் இல்லை. தகரத்தில் இரண்டு குண்டு ஓட்டைகள் இருந்தன.

அந்தப் பாதை மூன்று நாள் மூடிக்கிடந்தது. போய்ப் பார்த்தபோது பலகைக்குப் பக்கத்தில் கிடந்தான். குண்டு பட்டது தொடையில். சட்டையைக் கிழித்து அவனே கட்டுப்போட்டிருந்தான். தண்ணீர்க் குப்பி காலி. பாவி, எவ்வளவு நேரம் லாரியை எதிர்பார்த்துக் கிடந்தானோ.

அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே கை கூசியது. காலாட்படைக்கு மாற்றுங்கள் என்று போய் நின்றேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாயே என்று அதிகாரி சிரித்தார். நடந்து போனால் முன்னால் போகிறவன் முதுகாவது தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒன்றரை வருஷம் நடந்தேன், குழி தோண்டினேன், சுட்டேன். ரேஷன் லாரி வந்தால் மற்றவர்கள் ரொட்டியைப் பார்ப்பார்கள். நான் மூட்டைமேல் ஆள் இருக்கிறானா என்று பார்ப்பேன். போர் முடிந்ததும் வயிற்றுப்பாடு மறுபடி ஸ்டியரிங்குக்கே தள்ளியது. வேறு தொழில் தெரியாது.

கொக்கின் அக்காவிடம் நான் சொல்லியிருந்தது வேறு கதை. பட்டதுமே உயிர் போய்விட்டது, என் மடியில்தான் போனான் என்று. அதை நம்பித்தான் என்னைத் தம்பியாக்கிக்கொண்டார். என் மகளுக்குப் பெயர் வைத்தவரே அவர்தான். எனக்கும் அவரை விட்டால் வேறு யார்?

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் டீக்குப் போனான். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"ஒரு தட்டுன்னா நில்லு, ரெண்டுன்னா போ. லெட்டர்ல எழுதியிருந்தான். மொத ஸ்டாப்புல நீ இறங்கிப் பாத்தது அவனைத்தானேப்பா?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பலகை, ஓட்டைகள், மூன்று நாள், காலிக் குப்பி எல்லாம் சொன்னேன். மடியில் போனது பொய் என்றும் சொன்னேன். அக்கா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"கூப்பிட்டிருப்பான்ல?"

"கூப்பிட்டிருப்பான்க்கா."

எழுந்து இறங்கினார். கண்டக்டர் வந்து ஏறி, போகலாம் என்றான். இந்த வண்டியில் கண்ணாடி இருக்கிறது. அக்கா பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, தகரத்தில் உள்ளங்கையை வைத்திருந்தது அதில் தெரிந்தது. தட்டவில்லை. கையை எடுக்கவும் இல்லை. நான் கிளட்சை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன்.