மூன்றாவது காரணம்

என் மனைவி சோணையம்மாள் கடைசியாக வார்த்த தோசையில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். உண்மையில் இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அன்று சனிக்கிழமை. எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் ஓவியாவுக்கு உத்தமபாளையத்தில் நடுநிலைப் பள்ளிகளுக்கான விவாதப் போட்டி. அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் பள்ளித் தமிழாசிரியர் சங்கரலிங்கம். எதைச் சொன்னாலும் மூன்று காரணம் வேண்டும் என்பார். நோட்டின் நடுவே கோடு போட்டு, எதிரணி சொல்வதை இடப்பக்கமும் அதற்கான மறுப்பை வலப்பக்கமும் எழுதச் சொல்வார். நேரம் முடிந்தால் மணி அடித்துவிடுவார்.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டில் யாருக்கு எது வேண்டுமானாலும் மூன்று காரணம் சொல்லியாக வேண்டும். மணிக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுவேன். இந்த விளையாட்டில் சோணை எங்களை விடக் கெட்டி. புது மிக்ஸி கேட்டபோது, "பழசு கத்துது, அதுனால நான் கத்துறேன், அதுனால நீங்க கத்துறீக," என்றாள். மறு வாரமே மிக்ஸி வந்துவிட்டது.

அன்று காலை அடுப்பை அணைத்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள். போட்டிக்குச் சங்கரலிங்கம் சாருடன் ஓவியா போகட்டும், நாம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரலாமா என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்தேன். ஓவியா நோட்டைத் திறந்து கோடு போட்டாள்.

"மூணு காரணம் சொல்லு."

"இடது கை குடையுது. காத்தாடிக்குக் கீழ உக்காந்தும் வேர்க்குது."

"நேத்து தண்ணி கேனைத் தூக்குனீகள்ல, அதான் கை வலிக்குது," என்றாள் ஓவியா எழுதிக்கொண்டே. "இம்புட்டு நேரம் அடுப்புக்கிட்ட நின்னா யாருக்கும்தான் வேர்க்கும்."

சோணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயாடி என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"மூணாவது?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். மிக்ஸிக்குச் சட்டென்று வந்த மூன்றாவது காரணம் இதற்கு வரவில்லை.

"தெரியலங்க. என்னமோ மாதிரி இருக்கு."

"என்னமோ மாதிரிங்கிறதெல்லாம் காரணத்துல சேராது," என்று டம்ளரைத் தட்டினேன்.

தோற்றுவிட்டதாக ஒத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குச் சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று அவளே சொல்லி, மகளுக்கு விபூதி பூசி அனுப்பினாள். தெருமுனையில் நான் திரும்பிப் பார்த்தேன். அவள் வாசலில் நிற்கவில்லை. எப்போதும் நிற்பவள்.

போட்டி அரங்கில் செல்போனை அணைத்து வைக்கச் சொன்னார்கள். வீட்டுப்பாடம் தேவையா என்பது தலைப்பு. தேவையில்லை என்று பேசிய ஓவியாவுக்கு முதல் பரிசு. ஒன்றரை மணிக்குப் போனைப் போட்டபோது பக்கத்து வீட்டு மொக்கம்மாளிடமிருந்து பதினோரு அழைப்புகள் வந்திருந்தன. சோணை சமையலறையில் விழுந்து கிடந்ததைப் பார்த்து, ஆட்டோவில் ஏற்றித் தேனிக்குக் கொண்டுபோனது அவர்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். காலையில் உங்கள் மனைவி என்ன சொன்னார்கள் என்று கேட்டார். கை வலித்தது, வேர்த்தது என்றேன். அந்த இரண்டே போதும், உடனே அழைத்து வந்திருக்க வேண்டும் என்றார். அவர் மூன்றாவதைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஓவியா அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தபோது, நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து ஒளித்து வைத்தேன். மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். டம்ளரைத் தட்டியவன் யார் என்பதையும் அதோடு மறைத்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவள் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பக்கம் எங்கப்பா?"

தெரியாது என்றேன்.

"ரெண்டுக்கும் மறுப்பு சொன்னது நான்தானப்பா."

"மூணாவதைக் கேட்டது நான், ஆத்தா. அவ சொல்லத்தான் செஞ்சா. சேராதுன்னு நாந்தான் தட்டிவிட்டேன்."

இதற்கு அவள் மறுப்புச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இப்போது போட்டிகளுக்குப் போவதில்லை. சங்கரலிங்கம் சார் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தார்.

அந்தத் தாள் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. இடப்பக்கம் கை வலி, வியர்வை. வலப்பக்கம் தண்ணீர் கேன், அடுப்பு. அவற்றுக்குக் கீழே 3 என்று எழுதிப் புள்ளி வைத்திருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.