டெம்பி குடியிருக்கும் இடம்

கான்சாஸில் ஒரு நிலத்தைத் தன்னுடையது என்று சொல்ல 1855 வாக்கில் பெரிய பாடு ஒன்றும் படவேண்டியதில்லை. நான்கு மரக்கட்டைகளைச் சதுரமாகத் தரையில் போட்டு, பக்கத்து ஓக் மரத்தில் பெயரைச் செதுக்கிவிட்டால் நூற்றறுபது ஏக்கர் கைக்கு வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த செவ்விந்தியர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிசௌரி ஆற்றின் கிழக்குக் கரையில் சணல் பண்ணை வைத்திருந்த மார்கஸ் தோர்ப்பும் அப்படித்தான் ஆற்றைக் கடந்து போய்க் கட்டை போட்டார். மறுநாளே வீடு திரும்பித் தன் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கினார்.

தூக்கத்தைக் கெடுத்தது வால்நட் ஓடைக் குடியேறிகள் சங்கம். கட்டை போட்டால் மட்டும் போதாது, அங்கே ஆள் குடியிருக்க வேண்டும், அடுப்பில் புகை வரவேண்டும், ஒரு மாதம் ஆளில்லாமல் கிடந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் விதி போட்டுவிட்டார்கள். தோர்ப்புக்குச் சணல் விதைக்கும் வேலை தலைக்கு மேல் கிடந்தது. அவர் மனைவியோ காட்டில் போய் உட்காரும் ரகம் இல்லை. ஆகவே ஓரறை மரக்குடிசை ஒன்றை எழுப்பி, ஒரு மூட்டை சோளமாவும் உப்புப் போட்ட பன்றிக்கறியும் கொடுத்து, அடிமைப்பெண் டெம்பியை அங்கே கொண்டுபோய் விட்டார். அது மார்ச் மாதம்.

"நெருப்ப மட்டும் அணைய விடாத. யாராவது கேட்டா தோர்ப் வீடுன்னு சொல்லு."

"எத்தன நாளைக்குங்க எசமான்?"

"சணல் வெதைச்சு முடிக்கிற வரைக்கும்."

விதைத்த சணல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. டெம்பியை அழைத்துப் போக யாரும் வரவில்லை.

தனிமை அவளுக்குப் பெரிதில்லை. ஓநாய்கள் ஊளையிட்டன, பழகிவிட்டது. பழகாதது சனிக்கிழமை. அவள் கணவன் அம்புரோஸ் தோர்ப்பின் ஆள் இல்லை. ஆற்றில் பெரிய படகு விட்டுக்கொண்டிருந்த ப்ரூயிட்டின் அடிமை. ஒன்பது வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ப்ரூயிட்டிடம் ஒரு அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று மைல் நடந்து டெம்பியின் குடிசைக்கு வருவான். திங்கள் விடியுமுன் போய்விடுவான். மனைவி குடியிருக்கும் இடத்துக்குச் சீட்டுக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அடிமைகளுக்கு இருந்த கல்யாணம் என்பது அந்தச் சீட்டுதான்.

டெம்பி ஆறு கடந்ததும் சீட்டு நின்றது. மாவு கொண்டுவந்த தோர்ப் அதை ஏதோ வேடிக்கை போலச் சொன்னார்.

"ப்ரூயிட் என்ன சொல்றார் தெரியுமா? 'உம் பொண்டாட்டி குடியிருக்கிறது தோர்ப் பண்ணையில. அக்கரைக்கு வேலையாப் போயிருக்கா. வேலைக்குப் போன எடத்துக்கெல்லாம் சீட்டு எழுதினா என் கை ஒடிஞ்சுபோகும்'கிறார்."

உண்மைக் காரணம் வேறு. அக்கரையில் அடிமை முறையை எதிர்க்கும் வடக்கத்திக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அங்கே காலை வைக்கிற அடிமை எந்தப் பக்கம் நடப்பான் என்று ப்ரூயிட்டுக்குப் பயம். அம்புரோஸ் ஒரு நாளைக்கு இருபது தடவை படகைக் கயிறு பிடித்து அக்கரைக்கு இழுத்தான். கரையில் ஏறி நடக்க அவனுக்கு அனுமதி இல்லை. பன்னிரண்டு மைல் தள்ளி அவன் மனைவி சனிக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதுப் பிரதேசத்தில் அடிமை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதைக் குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கட்டும் என்று வாஷிங்டன் பெரியவர்கள் சட்டம் போட்டுக் கைகழுவிவிட்டிருந்தார்கள். சண்டையை எங்கோ தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைத்தார்கள் போலும். ஓட்டுப் போடும் நாளில், அடிமை வைத்துக்கொள்ளும் மிசௌரி மாநிலத்துக்காரர்கள் சட்டைப் பொத்தானில் அடையாளத்துக்குச் சணல்நாரைச் சொருகிக்கொண்டு, இடுப்பில் துப்பாக்கியுடன் கூட்டங்கூட்டமாக ஆறு கடந்தார்கள். அம்புரோஸ்தான் அவர்களையும் இழுத்தான். குடியிருந்த ஆட்களைப் போல இரண்டு மடங்கு ஓட்டு விழுந்தது. அன்றிலிருந்து ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பவர்கள் கூட முகம் பார்த்துப் பேசுவதில்லை.

டெம்பிக்கு இருந்த ஒரே அண்டைவீடு வடக்கே ஒஹையோவிலிருந்து வந்த சைலஸ் ஸ்டேபிள்ஸின் வீடு. அவர் மனைவி மேரிட்டா நல்லவள்தான். ரொட்டி சுட்டால் பாதி கொண்டுவந்து கொடுப்பாள்.

"மனுஷங்கள வெலைக்கு வாங்குறது பாவம், டெம்பி. வடக்கே பதினெட்டு மைல்ல, ஓடை ரெண்டாப் பிரியிற எடத்துல ஒரு கல்வீடு இருக்கு. அங்க போயிட்டா, அடிமையே இல்லாத அயோவாவுக்கு வண்டியில அனுப்பிடுவாங்க."

"இங்கயே உங்க பக்கத்துல இருந்துக்கலாமாம்மா?"

மேரிட்டா முகம் சிவந்தது. "எங்க ஆளுங்க அதுக்கு ஒத்துக்க மாட்டாங்க. இந்த மண்ணுல அடிமையும் வேண்டாம், கறுப்பங்களும் வேண்டாங்கிறாங்க. நான் என்ன பண்ணுவேன் சொல்லு."

டெம்பிக்குக் கோபம் வரவில்லை, அலுப்பாக இருந்தது. கல்வீட்டை மட்டும் மனதில் முடிந்துகொண்டாள். எந்த நாளும் அவள் கிளம்பியிருக்கலாம், காவல் யாருமில்லை. அம்புரோஸை விட்டுவிட்டு அவள் எங்கும் போகப்போவதில்லை. அவன் ஒருமுறை ஆற்றுக்கு இந்தப் பக்கம் வந்து சேரவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

ஜூன் மாதம் ஸ்டேபிள்ஸ் சங்கத்தில் வழக்குப் போட்டார். தோர்ப் நிலத்தில் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது, அதன்மேல் அவருக்குக் கண். அங்கே யாருமே குடியிருக்கவில்லை, நிலம் தனக்கு வேண்டும் என்றார். ஓடைக்கரை எல்ம் மரத்தடியில் ஆறு பேர் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தார்கள். மூன்று பேர் வடக்கத்திக்காரர்கள், மூன்று பேர் மிசௌரிக்காரர்கள். அதில் ஒருவர் படகுக்கார ப்ரூயிட். அவரும் பக்கத்தில் எங்கோ நான்கு கட்டை போட்டிருந்தார். டெம்பியைத் தண்ணீர் வாளியோடு ஓரமாக நிற்கவைத்தார்கள். கறுப்பர் சாட்சி செல்லாது என்பதால் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஸ்டேபிள்ஸ் எழுந்தார். "தோர்ப், உங்க ஊர்ச் சட்டப்படி இவ யாரு? ஒரு சொத்து. மாடு மாதிரி. மாட்டக் கொண்டாந்து கட்டிட்டுப் போனா அது குடியிருப்பாகுமா?"

தோர்ப் எரிச்சலோடு சொன்னார். "மாடு அடுப்பு மூட்டுமாய்யா? ரொட்டி சுடுமா? இவ தூங்குறா, சமைக்கிறா, ஞாயித்துக்கெழம ஜெபம் பண்றா. மனுஷிய்யா இவ. இங்கதான் குடியிருக்கா."

"சத்தியமாச் சொல்றீங்களா?"

"பைபிள கொண்டாங்க."

பைபிள் மேல் கை வைத்து, டெம்பி என்கிற பெண் இந்த நிலத்தில் குடியிருக்கிறாள் என்று தோர்ப் சத்தியம் செய்தார். எழுத்தர் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். அப்புறம்தான் நடந்தது என்னவென்று எல்லோருக்கும் உறைத்தது. அடிமை ஒரு சொத்து என்று பத்து வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவர் அவளை மனுஷி என்று சத்தியம் செய்துவிட்டார். அடிமையும் மனுஷன்தான் என்று பிரசங்கம் செய்தவர் அவளை மாடு என்றுவிட்டார். ஒரு ஊற்றுத் தண்ணீருக்காக! கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் இரண்டு பக்கமும் இதுதான் கதி.

தீர்ப்பு கேட்டபோது வாதத்தை யாரும் சீந்தவில்லை. வடக்கத்திக்காரர் மூவரும் வடக்கத்திக்காரர் பக்கம். மிசௌரிக்காரர் மூவரும், ப்ரூயிட் உட்பட, "அந்தப் பொண்ணு இங்கதான் குடியிருக்கா" என்று கைதூக்கினார்கள். மூன்றுக்கு மூன்று. ஒருவர் துப்பாக்கிப் பிடியைத் தடவினார், இன்னொருவர் இருமினார். அடுத்த மாதம் பார்க்கலாம், அதுவரை இப்போதிருக்கிறபடியே இருக்கட்டும் என்று ஒத்திவைத்தார்கள்.

டெம்பி வாயைத் திறந்தால் சவுக்கடி விழலாம். ஆனால் இந்த ஆறு பேரும் எழுத்தரும் நோட்டும் மறுபடி ஒரே இடத்தில் என்றைக்குக் கூடுவார்களோ. வாளியைக் கீழே வைத்தாள்.

"ப்ரூயிட் ஐயா, கோவிச்சுக்காதீங்க. நான் இங்கதான் குடியிருக்கேன்னு இப்ப எல்லாரும் சொல்லிட்டீங்க. அப்ப அம்புரோஸுக்குச் சனிக்கெழம சீட்டு இந்த எடத்துக்கு எழுதுவீங்களாங்க?"

ப்ரூயிட் திருதிருவென விழித்தார். "அது வேற, இது வேற. நீ இங்க வேலைக்குத்தான..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். எழுத்தர் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

ஸ்டேபிள்ஸ் சிரித்தார். "முழுசாச் சொல்லுங்க ப்ரூயிட். வேலைக்கு வந்தவளா, குடியிருக்கிறவளா? எழுதிக்குவோம்."

தோர்ப் ப்ரூயிட்டின் காதருகே குனிந்தார். "எழுதிக் குடுத்துத் தொலைய்யா. ஒரு துண்டுக் காகிதத்துக்காக என் நெலத்தக் கெடுக்காத."

"ஓடிட்டான்னா? அவன் வெலைய நீ குடுப்பியா?"

"அவன் எங்கய்யா ஓடப்போறான்? பொண்டாட்டிய இங்க வச்சுக்கிட்டு?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ப்ரூயிட் பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்தரின் பேனாவையே வாங்கி எழுதினார். சனி முதல் திங்கள் வரை, கான்சாஸ் பிரதேசம் வால்நட் ஓடையில் மனைவி குடியிருக்கும் இடத்துக்கு அம்புரோஸைப் போகவிடவும். கையெழுத்தும் போட்டார். டெம்பி முழங்காலை மடக்கி நன்றி சொன்னாள். அவளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாத அப்பாவி என்று யாரும் நம்புவார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் அம்புரோஸ் வந்தான். பன்னிரண்டு மைல் நடையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் நின்றிருந்தவளைக் கட்டிக்கொண்டான். பிறகு குனிந்து அவள் காலைப் பார்த்தான்.

"ஜூன் மாசத்துல பூட்ஸ் போட்டிருக்க? காலுக்கு என்னாச்சு புள்ள?"

"காலு நல்லாத்தான் இருக்கு. நீ உக்காராத."

அவன் அப்போதுதான் படியில் உட்காரப் போனான்.

"பன்னெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கேன் டெம்பி."

"தெரியும். நின்னுக்கிட்டே தண்ணி குடி. வடக்கே பதினெட்டு மைல்ல ஒரு கல்வீடு இருக்கு. திங்கக்கெழம வரைக்கும் ஒன்ன யாரும் தேட மாட்டாங்க."

அவன் தண்ணீரை வாங்கினான், குடிக்கவில்லை. பழக்கதோஷத்தில், "திங்கக்கெழம காலையில கயிறு இழுக்கணுமே" என்றான்.

"ப்ரூயிட்டுக்கும் ரெண்டு கை இருக்கு. இழுத்துக்கட்டும்."

அவன் சிரிக்கவில்லை. ஆறு இருந்த திசையைப் பார்த்தான், கதவுக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருந்த மாவு மூட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"புடிச்சுட்டாங்கன்னா?"

"புடிச்சா புடிக்கட்டும். ரெண்டு பேரையும் ஒரே எடத்துல புடிப்பாங்கல்ல."

அம்புரோஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.