அஞ்சாம் நம்பர் பனியன்

முப்பத்தெட்டு வயசு, முழங்காலில் கட்டு, பாதித் தலை நரை. இப்படி ஓர் ஆளை நாகல் நகர் கால்பந்து டீமுக்குச் செயலாளர் குருசாமி கூட்டிக்கொண்டு வந்தபோதே ஈஸ்வருக்கு வயிறு எரிந்தது. வந்தவர் பேகம்பூர் அப்துல் சுக்கூர், ரயில்வேக்கு ஆடி ஓய்ந்து சொந்த ஊர் திரும்பியவர். நாலு வருஷமாக ஈஸ்வர் போட்டிருந்த அஞ்சாம் நம்பர் பனியனை, அவனை ஒரு வார்த்தை கேட்காமல் அவரிடம் கொடுத்தார்கள். நடுவில் நின்று தடுத்தவனுக்கு மூணாம் நம்பரும் இடது ஓரமும் மிச்சம்.

'கிழவன்' என்று மனசுக்குள் பேர் வைத்தான். ஓட வேண்டிய நேரத்தில் நடக்கிறார், நடக்க வேண்டிய நேரத்தில் நிற்கிறார், வாய் மட்டும் ஓய்வதில்லை. ஆனாலும் பந்து அவர் காலடிக்கே வந்து தொலைந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போதாக்குறைக்குப் பொண்டாட்டி அம்பிகா வேறு. ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு வந்தவள் சோற்றுக்கு வெஞ்சனம் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பாய் நின்ன எடத்துலயே ஆடுறாரு. நீங்க ஏங்க இம்புட்டு ஓடுறீங்க?"

அன்றைக்கு அவன் மறுசோறு வாங்கவில்லை.

வடமதுரையோடு அரையிறுதி. மில் டீமுக்கு ஆள் எடுக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தேர்வானால் மில்லிலேயே வேலை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் ஈஸ்வருக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. அந்த மில்காரரும் கிழவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுக்கூர் ஒரு வித்தை பழக்கியிருந்தார். அவர் "ஏறு" என்றதும் தடுப்பாட்டக்காரர் நாலு பேரும் ஒன்றாக முன்னே ஏற வேண்டும். பின்னால் தங்கிவிட்ட எதிராளி ஆஃப்சைடில் மாட்டுவான், அவன் கோல் போட்டாலும் செல்லாது. ஒருத்தன் ஏறாமல் நின்றாலும் வித்தை பலிக்காது. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் கூட்டம் "பாய், பாய்" என்று ஆர்ப்பரித்தது.

நாகல் நகர் இரண்டு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் மறுபடி "ஏறு" என்று குரல் வந்தது. மூன்று பேர் ஏறினார்கள். ஈஸ்வர் வேண்டுமென்றே நின்றான். ஒரு கோல் போனால் என்ன முழுகிவிடும், கிழவன் பேர் கெட்டால் போதும். எதிராளி தடையில்லாமல் ஓடிப்போய் கோல் போட்டான்.

"கெழட்டுக் காலுக்குப் பந்து கேக்குதா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். ஈஸ்வருக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. மில்காரர் நேரே சுக்கூரிடம் வந்தார். ஈஸ்வர் பக்கத்திலேயே நின்றான்.

"மூணாம் நம்பர் ஏறலையே. வேணும்னே நின்னானா?"

ஈஸ்வர் குனிந்து காலுறையை இழுத்துவிட்டான்.

சுக்கூர் முழங்கால் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் கூப்புடவே இல்ல சார். மூச்சு வாங்கிருச்சு. மத்தவங்கதான் அவசரப்பட்டு ஏறிட்டாங்க. தம்பி நின்னது சரி. அவன் வேகத்தப் பாத்தீங்கள்ல?"

மில்காரர் ஈஸ்வரை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கக்கிழமை மில்லுக்கு வந்துருப்பா."

அவர் போனதும் சுக்கூர் பனியனைக் கழற்றி நீட்டினார். "பைனலுக்கு நீயே போட்டுக்க. எனக்கு முட்டி வீங்கிப்போச்சு."

முறைக்கக்கூட இல்லை. நொண்டிக்கொண்டே வாசல் பக்கம் போனார்.

வேலையும் கிடைத்தாயிற்று, பனியனும் திரும்பி வந்தாயிற்று. இரண்டும் அந்த ஆள் கொடுத்தது. இதற்குப் பதிலாக அவர் தன் செவிட்டில் ஒன்று விட்டிருக்கலாம் என்று ஈஸ்வருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.