வேடியப்பன் இருக்கும் இடம்

ஊசி போட்டு அரைமணி நேரத்தில் காசிநாதனுக்கு நடுக்கம் கண்டுவிட்டது. கட்டிலே கடகடத்தது. பல் கிட்டி, கண் மேலே செருகியது. நர்ஸ் இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

"வந்துட்டான்" என்றாள் அவர் தாய் இருசம்மாள், மெதுவாக.

யாரைச் சொல்கிறாளென்று இளைய மருமகள் அம்சவள்ளிக்குத் தெரியும். போன வருஷம் அண்ணன் காசிநாதனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவன் அவள் புருஷன் வேடியப்பன். கொடுத்தவன் சும்மா கிடந்தானா? இந்தப் புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்தபோது, கனமான வேலை கூடாதென்ற டாக்டர் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சி ரோட்டை மறிக்கப் புளியமரம் வெட்டக் கோடரியோடு போனான். மரம் அவன் மேலேயே சாய்ந்தது. மணலூர்பேட்டையில், பெண்ணையாற்றங்கரையில் வைத்து எரித்தார்கள். எரியாமல் மிச்சமிருந்தது இந்த ஒரு சிறுநீரகம்தான், மெட்ராஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூத்தாரின் அடிவயிற்றில். அதையும் இப்போது அவர் உடம்பு வேண்டாமென்று தள்ளிக்கொண்டிருந்தது.

டாக்டர் அவளிடம்தான் விளக்கியிருந்தார். ரத்தத்தில் டி செல் என்று காவல் அணுக்கள் உண்டாம். வீட்டு நாய் விருந்தாளியைக் கடிப்பதுபோல அவை தம்பியின் சிறுநீரகத்தைக் குதறுகின்றனவாம். எலியின் அணுக்களைக்கொண்டு செய்து, வெளிநாட்டிலிருந்து ஐஸில் வந்த இந்த மருந்து அவற்றை மட்டும் தேடிப்பிடித்து அடக்குமாம். முதல் ஊசிக்குக் குளிரும், நடுங்கும், பயப்பட வேண்டாம். இதற்கும் கேட்காவிட்டால் சிறுநீரகத்தை எடுத்துவிட வேண்டியதுதான்.

மாமியாரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இருசம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலருகே போய்விட்டாள். செத்தவர் யார் மேலாவது இறங்கினால் குறை கேட்டு அனுப்பிவைப்பது ஊர் வழக்கம்.

"இன்னாடா கொற உனுக்கு? அண்ணன் மேல கோவமா? சொல்லிட்டுப் போயிடுடா சாமி. இவனாச்சும் பொழச்சிக்கினு வூடு வரட்டும்."

போயிடு என்றது அம்சவள்ளிக்குச் சுருக்கென்று தைத்தது.

"அவர போவச் சொல்லாதீங்க அத்த!"

கல்யாணமானதிலிருந்து மூத்தார் எதிரில் நின்றறியாதவள், கம்பளிக்குள் கையை விட்டு, தையல் தழும்பின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். கொதித்தது. மருந்துதான், மருந்துதான் என்றது மனசு. வாய் வேறு சொன்னது.

"எங்கயும் போவாதய்யா. இங்கயே இருந்துக்க. நான் பாத்துக்கினு இருக்கேன்."

வராந்தாவில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. நடுங்கிய கை ஒன்று கம்பளிக்குள் துழாவி வந்து அவள் கையை இறுகப் பிடித்தது. யார் முகமென்று பார்க்காமலிருக்க அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.