வெளிச்சத்துக்குச் சாட்சி

மதியம் பன்னிரண்டு அடித்ததும் திருமதி க்ராம்ஸின் மாடி அறையில், ஜன்னலிலிருந்து நான்கு அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். செய்தித்தாளை விரித்துச் சத்தமாக வாசித்தேன். சிகாகோவில் கோதுமை விலை ஏறியிருக்கிறது. பஃபலோவில் ஏரி உறைந்துகிடப்பதால் கப்பல்கள் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், ரயில் தடதடத்துக்கொண்டு போனது. அறை இருண்டு, கண்ணாடியில் கரித்தூள் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. ரயில் கம்பெனியின் வக்கீல் விட்காம் கடிகாரத்தைப் பார்த்து, ரயில் செல்லும்போதும் சாட்சி தடையின்றி வாசித்தார் என்று எழுதிக்கொண்டார்.

இதுதான் என் பிழைப்பு. மேம்பால ரயிலால் வெளிச்சம் போயிற்று என்று நியூயார்க்கில் வீட்டுக்காரர்கள் வழக்குப் போட ஆரம்பித்தார்கள். வெளிச்சமும் வீட்டோடு சேர்ந்த சொத்துதான் என்று நீதிமன்றமும் சொல்லித் தொலைத்தது. அன்றிலிருந்து, வெளிச்சம் இருக்கிறது என்று சொல்லக் கம்பெனிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டான். எழுபத்தோரு வீடுகளில் வாசித்துவிட்டேன். எல்லா இடத்திலும் இதே தாள்தான். இரண்டு வருஷமாக எனக்குச் சின்ன எழுத்து தெரிவதில்லை. மூக்குக்கண்ணாடி போட்ட சாட்சியைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. அதனால் ஒரு பத்தியை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

கம்பெனியின் சரித்திரமும் எனக்கு மனப்பாடம். ஆண்டு விருந்தில் யாராவது எழுந்து அதைச் சொல்லுவார்கள். உண்மையில், முதலாளிகளில் முதல் ஆள் பெட்டிகளைக் கயிறு கட்டி இழுக்கலாம் என்றான். கயிறு அறுந்து, நடுவானத்தில் நின்ற பெட்டியிலிருந்து கனவான்களை ஏணி வைத்து இறக்கினார்கள். தண்டவாளம் ஏலத்துக்குப் போனது. ஏலம் எடுத்தவன் நீராவி இன்ஜினைத் தூக்கி மேலே வைத்தான். எண்ணெயும் தணலும் ஊர்க்காரன் தொப்பியில் விழுந்தன. இதற்குப் பெயர் முன்னேற்றம். இயக்குநர்கள் யாருடைய தெருவிலும் ஒரு மேம்பாலத் தூண்கூடக் கிடையாது என்பதை மட்டும் விருந்தில் யாரும் சொல்வதில்லை.

திருமதி க்ராம்ஸ் ஜெர்மன்காரி, விதவை, கையுறை தைக்கிறவர். இருட்டு தாளாமல் கீழ்வீட்டுக் குடியும் மேல்வீட்டுக் குடியும் காலி செய்துவிட்டார்கள். வழக்கில் தோற்றால் வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு அந்த அம்மாளையும் பிடிக்கவில்லை. வக்கீல் வைக்க வக்கில்லாமல் கம்பெனியோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்ததே இல்லை.

நான் தாளை மடித்ததும் அந்த அம்மாள் கேட்டார். "ஏரி இன்னுமா உறைஞ்சு கெடக்கு?"

"பேப்பர்ல அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"இது ஜூலை மாசம், ஐயா."

விட்காம் இருமினார். மடித்த தாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். எழுபத்தோரு வீட்டில் ஒருத்தரும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"பக்கத்து வீட்டு மெட்டாகிட்ட கேட்டேன். அங்க நீங்க படிச்சப்பவும் கோதுமைதான் ஏறுச்சாம்," என்றார் அந்த அம்மாள். கோபமே இல்லை. மடியிலிருந்த கறுப்புக் கையுறையையும் ஊசியையும் கறுப்பு நூலையும் என் முன்னால் நீட்டினார். "படிச்சது போதும். நான் இந்த ஜன்னலடியில பண்ற வேலை இது. இத ஒரு தரம் கோத்துக் காட்டுங்க, நான் வழக்க வாபஸ் வாங்கிக்கிறேன்."

விட்காம் கண்ணைக் காட்டினார். வாங்கிக்கொண்டேன். நூலை நனைத்து, முறுக்கி, நீட்டினேன். ரயில் வந்தது, போனது, எதிர்த் தண்டவாளத்தில் இன்னொன்று வந்தது. நூல் ஊசியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனதே தவிர உள்ளே போகவில்லை. ஆறு ரயில் கழிந்ததும் அந்த அம்மாள் ஊசியை என் விரலிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். "நானும் இப்படித்தான். முன்னெல்லாம் ஒரு நாளைக்கு எட்டு ஜோடி தைப்பேன். இப்ப மூணு."

படியிறங்கும்போது விட்காம் சொன்னார், "கோத்தேன்னு சொல்லிடு. நானும் பாத்தேன்னு எழுதிடறேன். அந்தக் கிழவிக்கு யாருய்யா சாட்சி?"

நியாயமான பேச்சுதான். எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை.

நீதிமன்றத்தில் ஆளுயர ஜன்னல்கள். நீதிபதிகளின் ஜன்னலை மறைத்து எந்தக் கம்பெனியும் தூண் நடுவதில்லை. வெயில் தரையெல்லாம் கிடந்தது. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன், வாசித்தேன் என்றேன், ஊசியும் கோத்தேன் என்றேன். விட்காம் திருப்தியாக உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் வக்கீல் இல்லாததால், கேட்க ஏதாவது உண்டா என்று நீதிபதி அந்த அம்மாளையே கேட்டார்.

அந்த அம்மாள் எழுந்து வந்து கூண்டின் விளிம்பில் ஊசியையும் கறுப்பு நூலையும் வைத்தார்.

"ஐயா எங்க வீட்ல கோத்தாராம். இங்க அத விட நல்ல வெளிச்சம். ஒரு தரம் கோக்கச் சொல்லுங்க."

விட்காம் ஆட்சேபித்தார். நீதிபதி கையை அசைத்து அவரை உட்கார வைத்தார். நீதிபதிக்கும் வேடிக்கை பார்க்க ஆசை.

அந்த அம்மாளுக்கு என் கண் சங்கதி தெரியாது. நான் இங்கே சட்டென்று கோத்துவிடுவேன், அங்கே திணறியதைச் சொல்லி இருட்டை நிரூபித்துவிடலாம் என்றுதான் நினைத்திருப்பார். என்னை அந்த அளவுக்கு நம்பிய ஒரே ஆள். கோக்க முடியவில்லை என்றால் எழுபத்தோரு வீட்டு வெளிச்சமும் ஒரு குருடன் பார்த்த வெளிச்சமாகிவிடும். விட்காம் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக என் முகத்தை அல்ல, கண்களைப் பார்த்தார்.

ஊசியை எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பினேன். நல்ல வெயில். ஊசி வெள்ளிக் கம்பியாக மின்னியது. அதில் எங்கேயும் துளை இல்லை.

"அவசரமில்ல ஐயா," என்றார் அந்த அம்மாள். "நெதானமா கோங்க."

நூல் நுனியை மறுபடி நாக்கில் நனைத்தேன்.