கொடி இருக்கிற வரைக்கும்

தனப்பிரியாவின் கார் ராஜவாய்க்கால் பாலத்தைத் தாண்டி வரப்பு முனையில் நின்றபோது பெரியசாமி கொடிக்காலுக்குள் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். யாரென்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவரும் மனைவி அத்தாயியும் இத்தனை நாளாக இந்தக் காரை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தார்கள்.

மேட்டுக்காடும், கீழே வாய்க்கால் தண்ணீர் பாயும் கொடிக்காலும் தனப்பிரியாவின் அப்பா ராசப்பனுடையவை. பெரியசாமி குத்தகைக்காரர். அகத்தி வளர்த்து, கொடி ஏற்றி, முதல் இலை கிள்ளுவதற்குள்ளேயே ஆள் அசந்துவிடும் பயிர் வெற்றிலை. “கொடி இருக்கற வரைக்கும் நீ இரு” என்று ராசப்பன் சொன்னது வாய்வார்த்தைதான். ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு சோலார் கம்பெனிக்காரர்கள் வந்து சுற்றிலும் இருந்த காடு தோட்டங்களைக் குத்தகைக்குப் பேசிப் பிடித்தார்கள். அங்கே வெள்ளாமை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். உரக்கடை தனபால் இப்போதெல்லாம் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பரமத்திவேலூர் மார்க்கெட்டுக்கு இலை ஏற்றும் வண்டி பெரியசாமி ஒருவருக்காகத்தான் இந்தப் பக்கம் திரும்புகிறது.

கிள்ளுகிற பருவத்தில் இருக்கும் இலைக்கு மட்டும் தவணை கேட்பது, வேறெதுவும் பேசக்கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

தனப்பிரியா சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசில் வேலை பார்ப்பவள். கொடிக்காலுக்குள் செருப்போடு நுழையக்கூடாது என்பதை மறக்காமல் வரப்பிலேயே கழற்றிவிட்டு, ஈரத்தில் கால் புதையப் புதைய வந்தாள்.

“அண்ணா, கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனுங்க.”

பெரியசாமி கையிலிருந்த இலையைக் கூடையில் வைத்தார். “நல்லதுங்க அம்மிணி. இந்த இலை முடியற வரைக்கும்...”

“மேட்டுக்காடு மட்டுந்தானுங்க. கொடிக்காலைத் தர முடியாதுன்னு சொல்லிட்டேன். அப்பா சொன்ன சொல்லு இருக்குதல்லங்க.”

முழுசாகத் தராததால் கம்பெனி வாடகையைக் குறைத்துவிட்டதும், அந்தக் கோபத்தில் தம்பி தீனதயாளன் அவளோடு பேசாமல் இருப்பதும், அத்தாயி மோர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தபோதுதான் வெளியே வந்தன. குத்தகையை இனிமேல் எழுத்தில் போட்டுவிடுவோம் என்றாள் தனப்பிரியா. எதுக்குங்க என்று பெரியசாமி தயங்கினார்.

“நாளைக்கு எனக்கே மனசு மாறுனாலும் உங்களுக்கு ஒரு புடிப்பு வேணுமல்லங்க.”

மேட்டுக்காட்டில் இனி மரவள்ளி போட முடியாது, ஆட்டுத் தீவனத்துக்கு வேறு இடம் தேட வேண்டும். அதெல்லாம் தெரிந்தும் பெரியசாமிக்கு நெஞ்சு நிறைந்து கிடந்தது. வாய் திறந்து சொன்னது அத்தாயிதான்.

“நீ நல்லா இருக்கோணும் சாமி.”

பெரியசாமி கொழுந்து இலையாகப் பார்த்துக் கிள்ளி, வாழை மட்டையில் கட்டிக் காருக்குள் வைத்தார்.

கார் போன பிறகு தண்ணீர் கட்ட மண்வெட்டியோடு வந்தார். மடையை வெட்டக் குனிந்தவர் அப்படியே நின்றார். அகத்தி வரிசைகளுக்கு நடுவே, உள்ளே வந்ததும் திரும்பிப் போனதுமாக அவளுடைய காலடிகள் சேற்றில் பதிந்து கிடந்தன. அந்த மடையை வெட்டாமல் விட்டுவிட்டு, தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டார்.